வாங்கியதா, பொருத்தியதா: எது நம்முடையது?

பல்கலைக்கழக விடுதியில் கேமிங் கம்ப்யூட்டர் பற்றிப் பேச்சு வந்தால் போதும், உடனே இரண்டு கட்சி பிரிந்துவிடும். ஒரு கட்சி, கடையில் தயாராக இருக்கும் செட்டை அப்படியே வாங்கியவர்கள். இன்னொரு கட்சி, பிராசசர், மதர்போர்டு, ராம், கிராஃபிக்ஸ் கார்டு என்று தனித்தனியாக வாங்கி, தாங்களே உட்கார்ந்து பொருத்தியவர்கள். இரண்டாவது கட்சிக்குக் கொஞ்சம் தலைக்கனம் அதிகம். “ரெடிமேட் செட்டா வாங்கின? நல்லா ஏமாந்துட்ட போ” என்பார்கள். முதல் கட்சியும் சும்மா இருக்காது. “எனக்கு கேம் விளையாடணும் லா, ஸ்க்ரூ முடுக்கணும்னு ஆசை இல்ல” என்று பதில் வரும்.

நான் மின்னியல் பொறியியல் மூன்றாம் ஆண்டு. பொறியியல் படிக்கிறவனுக்கு எல்லா மெஷினும் தெரியும் என்று நம் சமூகத்தில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அதனால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வந்து சேர்கிறது: “அண்ணா, வாங்கறதா, பில்ட் பண்றதா?”

கேட்கிறவர்கள் பணக் கணக்கைத்தான் எதிர்பார்க்கிறார்கள். எது மலிவு, எது வேகம், அவ்வளவுதான். ஆனால் யோசிக்க யோசிக்க, இதற்குள் வேறு சில கேள்விகள் ஒளிந்திருப்பதாக எனக்குப் படுகிறது. ஒரு பொருள் எப்போது உண்மையிலேயே நம்முடையது ஆகிறது? காசு கொடுத்தவுடனேயா? கை வைத்துச் செய்தால்தானா? காசு கொடுத்தது அப்பா என்றால்? இவை தத்துவப் புத்தகத்தில் மட்டும் இருக்கிற கேள்விகள் இல்லை. 20 வயதில் நாம் எடுக்கும் முதல் பெரிய செலவிலேயே எதிரில் வந்து நிற்கின்றன.

முதலில் பணக் கணக்கை முடித்துவிடுவோம்

கடை விளம்பரத்தைப் பாருங்கள். பிராசசர் பெயரும் கிராஃபிக்ஸ் கார்டு பெயரும் பெரிய எழுத்தில் இருக்கும். பவர் சப்ளை எந்த நிறுவனம்? மதர்போர்டு எந்த மாடல்? 16 ஜிகாபைட் ராம் என்றால் ஒற்றைக் குச்சியா, இரண்டு 8-ஆ? இதெல்லாம் பெரும்பாலும் சின்ன எழுத்தில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. இரண்டு குச்சி போட்டால் பிராசசருக்கும் ராமுக்கும் இடையில் இரண்டு பாதை திறக்கும். ஒற்றைக் குச்சியில் பாதி பாதை சும்மா கிடக்கும். விளம்பரத்தில் பொய் ஒன்றும் இல்லை. சொல்லாமல் விட்டதுதான் நிறைய. பொருத்துகிற கட்சி சொல்லும் குற்றச்சாட்டில் இந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது.

ஆனால் அவர்கள் கணக்கிலும் ஓட்டை உண்டு. “நான் 600 வெள்ளி மிச்சம் பிடிச்சேன்” என்று ஒருவர் சொன்னால், விண்டோஸ் உரிமம் அந்தக் கணக்கில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். தயார் செட்டின் விலையில் பெரும்பாலும் அது சேர்ந்தே இருக்கும். நம் ஆள் எங்கிருந்தோ ஒரு கள்ளச் சாவியைப் போட்டு ஓட்டிக்கொண்டிருப்பார். அந்த மிச்சத்தில் ஒரு பகுதி, கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் வந்தது. அதைச் சாமர்த்தியம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

காலமும் கணக்கை மாற்றும். 2020, 2021-இல் கிராஃபிக்ஸ் கார்டு கிடைக்காமல் உலகமே தவித்தது. ஒரு பக்கம் பெருந்தொற்று, இன்னொரு பக்கம் கிரிப்டோ நாணயம் தோண்டுகிறவர்கள் கார்டுகளை மொத்தமாக அள்ளிக்கொண்டு போனார்கள். கார்டு வேண்டும் என்பதற்காகவே முழு செட்டையும் வாங்கியவர்கள் இருந்தார்கள். 2025 கடைசியில் ராம் விலை ஏறியது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் வாங்கிய வாங்கில், மெமரி சிப்புக்கே தட்டுப்பாடு. இப்படிப்பட்ட நேரத்தில் பழைய விலைக்கு வாங்கிய பாகங்களை வைத்துக் கட்டிய தயார் செட், நாம் தனித்தனியாக வாங்குவதைவிட மலிவாகவே கிடைக்கலாம்.

ஆகவே பணம் இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்லாது. ஒரு மாதம் இவர்கள் பக்கம் சாயும், இன்னொரு மாதம் அவர்கள் பக்கம்.

“நானே செஞ்சது” என்றால் என்ன?

சரி, பணத்தை விடுங்க. பொருத்துகிறவர்களின் உண்மையான பெருமை, “இது நானே செஞ்சது” என்பதில் இருக்கிறது. அந்த வாக்கியத்தைக் கொஞ்சம் சோதித்துப் பார்ப்போம்.

பழைய இன்டெல் பிராசசர் கையில் கிடைத்தால், அதன் உலோக மூடியின்மேல் பொறித்திருப்பதைப் படியுங்கள். பலவற்றில் ‘மலாய்’ என்று இருக்கும். மலேசியாவில் பொருத்திச் சோதிக்கப்பட்டது என்று அர்த்தம். இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை 1972-இல் பினாங்கில்தான் தொடங்கியது. நாம் லோ யாட் பிளாசாவிலோ சிம் லிம் ஸ்குவேரிலோ ஏதோ வெளிநாட்டுச் சாமான் என்று வாங்கிவருகிற அந்தச் சில்லு, பாயான் லெப்பாஸில் யாரோ ஓர் அக்கா நுண்ணோக்கியில் கண்ணை வைத்துச் சரிபார்த்து அனுப்பியதாக இருக்கலாம். அது ஏஎம்டி பிராசசராக இருந்தால், உள்ளே இருக்கிற சிலிக்கான் பெரும்பாலும் தைவானில் உருவானது. அந்தச் சிலிக்கானில் கோடு வரைகிற இயந்திரம் நெதர்லாந்தில் செய்தது. இத்தனை பேர் கைபட்ட பிறகு நாம் கடைசியாக ஒன்பது ஸ்க்ரூ முடுக்குகிறோம்.

அந்த ஸ்க்ரூ துளை சரியாகப் பொருந்துவதுகூட நம் திறமை இல்லை. ஐபிஎம் 1981-இல் தன் பர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டபோது, பெரும்பாலும் சந்தையில் கிடைக்கிற பாகங்களை வைத்தே கட்டியது, அதன் அமைப்பையும் வெளிப்படையாக அச்சிட்டுக் கொடுத்தது. மற்றவர்களும் அதற்கேற்ற பாகங்களைச் செய்யத் தொடங்கினார்கள். 1995-இல் இன்டெல் ஏடிஎக்ஸ் என்ற அளவுமுறையைக் கொண்டுவந்தது. மதர்போர்டில் துளை எங்கே இருக்க வேண்டும், பவர் சப்ளை எந்த அளவில் இருக்க வேண்டும் என்று அது நிர்ணயித்தது. 30 வருடம் கழித்தும், ஒருவரை ஒருவர் பார்த்தே இராத ஐந்தாறு நிறுவனங்களின் பாகங்கள் நம் மேசையில் ஒன்றாகப் பொருந்துகின்றன என்றால், அவை எல்லாம் ஒரே வாக்குறுதியைக் காப்பாற்றுகின்றன என்றுதான் அர்த்தம்.

அப்படியென்றால் பொருத்துகிறவர் ஒன்றுமே செய்யவில்லையா? அதுவும் சரியில்லை. மிலிந்த பன்ஹா என்ற பழைய பௌத்த நூலில், மிலிந்தன் என்ற கிரேக்க அரசனுக்கும் நாகசேனர் என்ற துறவிக்கும் நடக்கிற உரையாடல் ஒன்று உண்டு. நீ வந்த தேர் எது, அச்சா, சக்கரமா, நுகமா என்று நாகசேனர் கேட்டுக்கொண்டே போவார். எதுவும் தனியாகத் தேர் இல்லை. பாகங்கள் ஒன்றுகூடி நிற்கும்போது அந்தக் கூட்டத்துக்கு நாம் வைக்கிற பெயர்தான் தேர். நாகசேனர் இதைச் சொன்னது ‘நான்’ என்பதைப் பற்றி. நான் அதை நம் மேசைக்குக் கொண்டுவருகிறேன். தனியாகக் கிடக்கிற ராமும் தனியாகக் கிடக்கிற கார்டும் கம்ப்யூட்டர் இல்லை. எதை எதோடு சேர்ப்பது, எதற்கு எது ஒத்துப்போகும் என்று தேர்ந்து ஒன்றாக நிறுத்துவது ஒரு வேலைதான். பெருமைப்பட இடம் இருக்கிறது. ஆனால் அந்த இடம் நாம் நினைப்பதைவிடச் சின்னது, நன்றி சொல்ல வேண்டிய இடம் அதைவிடப் பெரியது.

உழைப்பு உரிமை தருமா?

ஆங்கிலேயச் சிந்தனையாளர் ஜான் லாக் 1689-இல் வெளிவந்த தன் நூலில் ஒரு வாதம் வைத்தார். இயற்கையில் பொதுவாகக் கிடக்கிற ஒன்றோடு ஒருவன் தன் உழைப்பைக் கலக்கும்போது அது அவனுக்குச் சொந்தமாகிறது. மரத்தடியில் கிடந்த பழத்தைப் பொறுக்கியவனுக்கு அந்தப் பழம். பொருத்துகிற கட்சி லாக்கைப் படித்திருக்காவிட்டாலும் இதைத்தான் சொல்கிறது: “என் உழைப்பு இதுல இருக்கு, அதனால இது உன்னோடதவிட கொஞ்சம் கூடுதலா என்னோடது.”

ஆனால் உழைப்பு உரிமையை மட்டும் தருவதில்லை, பாசத்தையும் தருகிறது. பாசம் கண்ணை மறைக்கும். 2012-இல் மைக்கேல் நார்ட்டன், டேனியல் மோச்சன், டான் ஏரியலி ஆகிய மூவர் ‘ஐக்கியா விளைவு’ என்ற பெயரில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஐக்கியா பெட்டி, காகித மடிப்பு உருவம், லெகோ போன்றவற்றை ஆட்களைச் செய்யவைத்து, அதற்கு அவர்கள் என்ன விலை போடுகிறார்கள் என்று பார்த்தார்கள். கோணல்மாணலாக மடித்தவர்கள்கூடத் தாங்கள் மடித்ததற்கு நிபுணர்கள் மடித்ததற்கு இணையாக மதிப்புப் போட்டார்கள். வெளியாட்களுக்கோ அது கசங்கிய காகிதம். இன்னொன்றும் கண்டார்கள். வேலையைப் பாதியில் விட்டவர்களுக்கு இந்தக் கூடுதல் பாசம் வரவில்லை.

கேபிள் எல்லாம் நூடுல்ஸ் மாதிரி தொங்க, காற்றாடி தப்பான பக்கம் காற்றைத் தள்ள, “என் பில்ட் மாதிரி வராது” என்று சொல்லும் நண்பன் நம் எல்லாருக்கும் ஒருவன் இருப்பான். அவனைக் கேலி செய்ய வேண்டாம், அது மனித இயல்பு. ஆனால் அந்தப் பாசத்தை ஆதாரமாக வைத்து, கடையில் வாங்கியவனை மட்டம் தட்டவும் கூடாது.

ஸ்க்ரூ முடுக்குகிறவரின் கூலி

இந்த விவாதத்தில் எனக்கு மிகவும் உறுத்துகிற வாக்கியம் ஒன்று உண்டு. “நாலு ஸ்க்ரூ முடுக்கறதுக்கு 150 வெள்ளியா? அந்தக் காசுக்கு நானே பண்ணிக்குவேன்.”

நீங்களே பண்ணிக்கொண்டால் மிகவும் நல்லது. ஆனால் அந்த வேலைக்கு மதிப்பே இல்லை என்ற தொனி எங்கிருந்து வருகிறது? கடையில் பொருத்துகிறவர் என்ன செய்கிறார் என்று ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். பிராசசரை வைக்கும்போது ஒரு முள்கூட வளையாமல் வைக்கிறார். வெப்பப் பசையை அளவாகத் தடவுகிறார். மதர்போர்டின் அடியில் சின்னப் பித்தளைத் தாங்கிகள் சரியான துளையில் இருக்கின்றனவா என்று பார்க்கிறார். தவறான இடத்தில் ஒன்று இருந்தாலும் பலகையின் பின்பக்கம் உலோகத்தில் முட்டி ஷார்ட் ஆகிவிடலாம். பிறகு பயாஸ் திறந்து ராமின் வேகத்தைச் சரிசெய்கிறார், சுமை ஏற்றிச் சோதிக்கிறார். இதற்கிடையில் ஒரு 3,000 வெள்ளிச் சாமான் கைதவறி விழுந்தால், அது அவர் தலையில் விழுந்த மாதிரி. கூலியில் பாதி அந்தப் பயத்துக்கும் சேர்த்துத்தான்.

நம்மில் எத்தனை பேருடைய அப்பா வயர்மேன், வெல்டர், மெக்கானிக், லாரி ஓட்டுநர்? அவர்கள் வேலையையும் ஒரு காலத்தில் யாரோ இப்படித்தான் பேசியிருப்பார்கள்: “ஒரு வயர் மாத்தறதுக்கு இவ்வளவா?” கைவேலையின் விலையைக் குறைத்துப் பேசுகிற பழக்கம் நம் மேல் பட்டபோது வலித்தது. படித்து மேலே வந்தவுடன் அதே பழக்கத்தை நாம் எடுத்துக்கொள்வது அழகில்லை.

இதன் இன்னொரு முகம், குடும்பத்தில் இருக்கிற ‘கம்ப்யூட்டர் அண்ணன்’. யாருக்கு வாங்குவதென்றாலும் அவரைக் கூப்பிடுவோம், சனிக்கிழமை முழுவதும் உட்காரவைப்போம், ஒரு தே தாரிக் வாங்கிக் கொடுத்து அனுப்புவோம். மூன்று மாதம் கழித்து ஏதாவது கெட்டால், “நீ போட்டுக் குடுத்ததுதானே?” என்போம். அன்பாக உதவுவது வேறு, உரிமையாக எதிர்பார்ப்பது வேறு. உதவி கேட்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டால், அடுத்த தடவை அந்த அண்ணனுக்கு ஒரு சனிக்கிழமையாவது மிஞ்சும்.

பதில் சொல்லத் தெரிகிறதா?

சரி, காசும் தீர்ப்புச் சொல்லவில்லை, உழைப்பும் முழுதாகச் சொல்லவில்லை. அப்புறம் எதுதான் ஒரு பொருளை நம்முடையது ஆக்குகிறது? என் எண்ணம் இது: அதைப் பற்றி யார் கேட்டாலும் பதில் சொல்ல முடிகிற அளவுக்குத்தான் அது நம்முடையது.

மூன்று கேள்வி போதும். உள்ளே என்ன இருக்கிறது? ஏன் இது, ஏன் இதைவிட உயர்ந்ததோ தாழ்ந்ததோ இல்லை? கெட்டால் நான் என்ன செய்வேன்?

யூடியூபில் யாரோ போட்ட பட்டியலை அப்படியே வாங்கி, வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துப் பொருத்தியவரிடம் இதைக் கேளுங்கள். பல சமயம் இரண்டாவது கேள்வியிலேயே நின்றுவிடுவார். அந்தச் சோதனைகள் பெரும்பாலும் குளிர்நாட்டில், 20, 22 டிகிரி அறையில் நடந்தவை. நம் அறை மதியம் 32 டிகிரி. காற்றால் குளிரவைக்கும் எந்தக் கருவியும் அறை வெப்பத்துக்குக் கீழே கொண்டுபோக முடியாது. அறையில் 10 டிகிரி கூடினால் உள்ளேயும் ஏறக்குறைய அவ்வளவு கூடும். அவர்களுக்குப் போதுமான கேசிங் நமக்கு மூச்சு முட்டலாம். நம் ஊர் இடி மின்னலும் அவர்கள் பட்டியலில் இருக்காது. மின்னழுத்தப் பாதுகாப்பு உள்ள பிளக் வாங்க வேண்டும் என்று அங்கிருந்து யாரும் சொல்லித் தரமாட்டார்கள்.

பவர் சப்ளையின் 80 பிளஸ் முத்திரையையே எடுத்துக்கொள்வோம். 80 சதவீதத் திறன் என்றால், உள்ளே 400 வாட் தேவைப்படும்போது சுவரிலிருந்து 500 வாட் இழுக்கும். மீதி 100 வாட் வெறும் சூடு. அந்த முத்திரை மின்சாரத் திறனைப் பற்றியது. மின்னழுத்தம் ஏறினால் பாகங்களைக் காப்பாற்றுமா என்பதை அது சொல்வதில்லை. இது தெரிந்தவர் மலிவான ஒன்றைத் தேர்ந்தெடுத்தாலும் காரணத்தோடு தேர்ந்தெடுப்பார்.

இப்போது கடையில் தயார் செட் வாங்கிய ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். வாங்கும் முன் பவர் சப்ளை மாடலைக் கேட்டு எழுதிக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் திரையின் கேபிள் மதர்போர்டில் செருகியிருக்கிறதா, கிராஃபிக்ஸ் கார்டில் செருகியிருக்கிறதா என்று பார்த்தாள். மதர்போர்டில் செருகியிருந்தால், அவ்வளவு காசு கொடுத்து வாங்கிய கார்டின் பலன் முழுதாகக் கிடைக்காது. 144 ஹெர்ட்ஸ் திரை 60-இல் ஓடுகிறதா என்று செட்டிங்கில் பார்த்தாள். 6000 என்று எழுதியிருந்த டிடிஆர்5 ராம் 4800-லேயே ஓடிக்கொண்டிருந்ததைக் கண்டு, பயாஸில் போய் மாற்றினாள். அவள் ஒரு ஸ்க்ரூகூட முடுக்கவில்லை. ஆனாலும் என் கணக்கில் அந்த கம்ப்யூட்டர் முழுக்க முழுக்க அவளுடையது.

திருக்குறளில் ‘தெரிந்து தெளிதல்’ என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. அது ஆட்களைத் தேர்ந்தெடுப்பதைப் பற்றியது. ஆனால் அந்தத் தலைப்பின் இரண்டு சொற்களும் இருக்கிற வரிசையை மட்டும் பாருங்கள். முதலில் ஆராய்ந்து தெரிந்துகொள்வது, பிறகு நம்புவது. கடைக்காரரை நம்பி வாங்குவது தப்பில்லை, தெரிந்துகொள்ளாமல் நம்புவதுதான் சிக்கல். தெரிந்துகொள்ள விடாத பொருளும் உண்டு. சில தயார் செட்டுகளில் மதர்போர்டும் பவர் சப்ளையும் பொது அளவுமுறையில் இருக்காது, அந்த நிறுவனத்தின் தனி அளவில் இருக்கும். நாளைக்கு ஒரு பாகம் போனால் வேறு எங்கும் வாங்க முடியாது. இதை வாங்கும் முன் கேட்பது நம் உரிமை மட்டும் இல்லை, நம் வேலையும்கூட. மலேசியாவில் 1999-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், விற்கிற பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் ரசீதையே தூக்கிப் போட்டவருக்கு எந்தச் சட்டமும் அவ்வளவாகக் கைகொடுக்காது.

யார் காசு?

நான்காவதாக ஒரு கேள்வி இருக்கிறது. அதுதான் கஷ்டமானது.

எங்கள் தாமானில் எஸ்டிபிஎம் முடித்துப் பொறியியல் படிப்புக்கு இடம் கிடைத்த ஒரு தம்பி, பட்டியல் போட்டுத் தரச்சொல்லி வந்தான். 5,000 வெள்ளி. அப்பா கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். “அண்ணா, எல்லாம் படிப்புக்குன்னு எழுதிக் குடுங்க. கேமிங்னு எங்கயும் வரக்கூடாது.”

“ரெண்டுக்கும்னு எழுதித் தர்றேன். நீதான் அப்பாகிட்ட படிச்சுக் காட்டணும்” என்றேன்.

ஒரு தாளில் இரண்டு பத்தி போட்டோம். இடது பக்கம், படிப்புக்கு என்ன தேவை. முதல் வருடம் புரோகிராமிங், சர்க்யூட் சிமுலேஷன் எல்லாவற்றுக்கும் சுமாரான மெஷினே போதும். முப்பரிமாண வரைபட மென்பொருளுக்குக் கொஞ்சம் நல்ல கார்டு இருந்தால் வசதி. வலது பக்கம், விளையாட்டுக்காக மட்டும் எவ்வளவு கூடுகிறது. தாளைப் பார்த்ததும் அவன் முகம் வாடிவிட்டது. வலது பக்கம்தான் கனமாக இருந்தது.

நானும் கூடவே போனேன். அவன் அப்பா ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புத் தொழில்நுட்பர். கண்ணாடி போட்டுக்கொண்டு தாளை மேலிருந்து கீழே இரண்டு தடவை படித்தார். கோபப்படவில்லை. “இதுல எது முதல்ல போகும்?” என்று கேட்டார்.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இத்தனை பேருக்குப் பட்டியல் போட்டுக் கொடுத்திருக்கிறேன், யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. “ஓடுற பாகம்தான் அங்கிள், காத்தாடி. அடுத்தது, மட்டமானதா போட்டா பவர் சப்ளை” என்றேன்.

“அப்ப அதுல காச மிச்சம் பிடிக்காதீங்க. இந்த கார்டை ஒரு படி இறக்குங்க” என்றவர் மகனைப் பார்த்தார். “விளையாடு, நான் வேணாங்கல. மாசா மாசம் சம்பளத்துல எடுத்து வச்ச காசுய்யா இது. நாளைக்கு உங்க அம்மா எதுக்குடா இதுன்னு கேட்டா, உனக்குச் சொல்லத் தெரியணும். அவ்வளவுதான்.”

நான் மேலே மூன்று பக்கமாகச் சொல்ல முயன்றதை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

பெற்றோர் காசோ, கல்விக் கடனோ, பகுதிநேர வேலையில் சம்பாதித்ததோ, அந்தக் காசுக்குப் பின்னால் யாரோ ஒருவரின் நேரம் இருக்கிறது. “படிப்புக்கு” என்று ஒரு வார்த்தை சொல்லி விளையாட்டுக்கு வாங்கினால், கம்ப்யூட்டர் வேகமாகத்தான் ஓடும். ஆனால் யாராவது அறைக்குள் வரும்போதெல்லாம் கை தானாக ஜன்னலைச் சுருக்கும். அப்படிப்பட்ட பொருளை நம்முடையது என்று எப்படிச் சொல்வது? விளையாட்டு கெட்டது என்று நான் சொல்லவில்லை, நானும் விளையாடுகிறவன்தான். விளையாட்டுக்காக என்று வாய்திறந்து கேட்டு, அவர்கள் தெரிந்தே கொடுத்தால், அதில் ஒரு நிம்மதி இருக்கிறது.

கடைசியில் அவர்கள் எடுத்தது மூன்றாவது வழி. பாகங்களைத் தாங்களே தேர்ந்தெடுத்து, பொருத்துகிற வேலையைக் கடையிலேயே கூலி கொடுத்துச் செய்யச்சொன்னார்கள். தம்பி பக்கத்தில் நின்று கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தான். கூலி கொடுக்கும்போது அங்கிள் பேரம் பேசவில்லை.

நம் மேசையில் இருக்கிற கருவி

ஆயுத பூஜை அன்று நம் வீடுகளில் காருக்கும் தையல் இயந்திரத்துக்கும் கருவிப் பெட்டிக்கும் சந்தனம் குங்குமம் வைக்கிறோம். இப்போது லேப்டாப்புக்கும் கேசிங்குக்கும் வைக்கிறோம், நல்லதுதான். மெக்கானிக் வேலை செய்கிற ஒருவர் பூஜைக்கு முதல் நாள் என்ன செய்கிறார் என்று கவனித்திருக்கிறீர்களா? ஒவ்வொரு ஸ்பேனராக எடுத்து, எண்ணெய் துடைத்து, இடத்தில் வைக்கிறார். அவருக்கு ஒவ்வொன்றும் எதற்கு என்று தெரியும். அந்தத் தெரிதலோடு வைக்கிற பொட்டுக்குத் தனி அர்த்தம் இருக்கிறது. நம் கேசிங்கின் தூசி வடிகட்டி எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் மேலே மட்டும் பொட்டு வைத்தால், மரியாதை மேலேயே நின்றுவிடும்.

அதனால் “வாங்கறதா, பில்ட் பண்றதா” என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் இப்படித்தான். நேரமும் ஆர்வமும் இருந்து, தப்பு நடந்தால் தாங்கிக்கொள்ளக்கூடிய நிலையும் இருந்தால், பொருத்துங்கள். அதில் கற்றுக்கொள்வது வேறு எந்த வகுப்பிலும் கிடைக்காது. அடுத்த வாரமே அசைன்மென்ட் இருக்கிறது, கெட்டால் ஒரே இடத்தில் கொடுத்துச் சரிசெய்ய வேண்டும் என்றால், தயங்காமல் தயார் செட் வாங்குங்கள். அதில் எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்கிறீர்கள் என்றால், அங்கிள் எடுத்த வழி இருக்கிறது. எந்த வழியில் போனாலும் மூன்று கேள்விக்கும், காசு கொடுத்தவர் கேட்கிற நான்காவது கேள்விக்கும் பதிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு ஒரு சின்ன வேலை. பக்கத்துப் பலகையைத் திறந்தால் உத்தரவாதத்துக்குப் பாதிப்பு வருமா என்று கடையில் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். வராது என்றால், இந்த வார இறுதியில் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, அதைத் திறந்து பாருங்கள். பவர் சப்ளை பெட்டியைத் தவிர மற்ற பாகங்களைப் பார்த்துப் பெயர் சொல்லப் பழகுங்கள். அந்தப் பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கி நிற்கும். தனியாகச் செய்யாதீர்கள். வீட்டில் தம்பியோ தங்கச்சியோ இருந்தால் கூப்பிட்டு உட்காரவையுங்கள். “இது என்னண்ணா?” என்று அவர்கள் கேட்கிற ஒவ்வொரு கேள்விக்கும் பதில் வருகிறதா என்று பாருங்கள். வராத இடத்தைக் குறித்துக்கொண்டு தேடிப் படியுங்கள். அடுத்த வாரம் அவர்களுக்கு நீங்களே சொல்லிக் கொடுக்கலாம்.